பதினொரு நிமிட நடை

பஸ் செக்கர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தை அவிழ்த்து மேசைமேல் மல்லாத்தி வைத்தார்.

“பதினொரு நிமிஷம்,” என்றார். “குடை பிடிச்சு நடந்தா பன்னெண்டு. ஓடினா ஆறோ ஏழோ. நான் ஓடிப் பாக்கலை. இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஓடினா, திரும்பி வர்றப்ப நாலு பேர் தூக்கிட்டுத்தான் வரணும்.”

“போன மழையிலயும் பதினொண்ணுதானே சொன்னே, தம்பி?” என்றாள் தையல் டீச்சர்.

“அது பழைய ரோடு, அக்கா. இப்ப நடுவுல தடுப்பு வச்சுட்டான். சுத்திப் போகணும். அப்படியும் பதினொண்ணுதான் வருது. ஏன்னா, இன்னிக்கு வேகமா நடந்தேன். அவன் மட்டும் அன்னிக்குக் காத்து வாங்கிக்கிட்டா நடந்திருப்பான்?”

சுருக்கெழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். முப்பத்துநான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் பிறர் சொன்னதை மட்டுமே எழுதிப் பழகிய கை அது. பொய்யையும் மெய்யையும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் எழுதும். சாட்சி உடைந்து அழுதால் ‘சாட்சி அழுகிறார்’ என்று அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு எஞ்சிய வேலை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எதிர்வீட்டு மேசையில் நடக்கும் இந்த விசாரணை ஒன்றுதான். மேசையின் ஒரு பாதியில் தையல் இயந்திரம். மறுபாதியில் நானூற்றுச் சொச்சம் பக்கங்கள் கொண்ட கோப்பு. நூற்கண்டு உருண்டு கோப்பின்மேல் ஏறும்போதெல்லாம் டீச்சர் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை, பிற்பகல் இரண்டரைக்கு டீச்சர் வகுப்பெடுக்கப் புறப்பட்டாள். நான்கு மணிக்குத் திரும்பினாள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அவளுடைய ஒரே மகளை இந்த அறையிலேயே யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். பெண்ணுக்கு வயது இருபத்துநான்கு. ஓயாமல் பேசுவாள் என்பதால் தெருவே அவளை மைனா என்றுதான் கூப்பிட்டது. கதவு உடைபடவில்லை; ஒரு பொருளும் காணாமற்போகவில்லை. வந்தவன் தெரிந்தவன் என்றார்கள். தெரிந்தவர்களில் கோபம் கொண்டிருந்தவன் ஒருவன்தான். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுக்கும் தொழிலாளி, தனியாள், செட்டுக்காரன் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவன் மைனாவைப் பெண் கேட்டிருந்தான். அவள் மறுத்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு முன் இதே வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, ‘நீ நல்லா இருக்க மாட்டே’ என்று கத்திவிட்டுப் போனான். அவனுக்கு எதிராக இருந்தது அந்த ஒரு வாக்கியம். வாக்கியங்களை எடைபோட்டே வயதான சுருக்கெழுத்தருக்கு அது வெறும் வயிற்றெரிச்சலாகப் பட்டிருக்க வேண்டும். அன்று அவருக்கும் அது வாக்குமூலமாகவே பட்டது.

நாலரை மணிக்குச் செக்கரும் தெருக்காரர் ஐந்தாறு பேரும் பட்டறைக் கதவை உடைத்து அவனை வெளியே இழுத்தார்கள். காவல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய வலக்கையில் மூன்று விரல்கள் ஒடிந்திருந்தன. ஒடித்தது யார் என்று கோப்பில் இல்லை. செக்கருக்குத் தெரியும், தெரு அதைக் கேட்டதில்லை. மூன்று நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அவன் சொன்னது ஒன்றே ஒன்று: ‘பன்னிரண்டு மணியிலிருந்து பட்டறையை விட்டு நகரவில்லை. ஒரு பல்செட்டு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பை விட்டுப் போக முடியாது.’ பட்டறையிலிருந்து இந்த வீட்டுக்குப் பதினொரு நிமிட நடை. பார்த்தவர் எவருமில்லை. அவனுக்கு வேலை கொடுத்த மருத்துவரைக் கேட்டபோது, ‘அன்று வேலை கொடுத்தது உண்மை, எந்நேரத்தில் செய்தார் என்பது எனக்குத் தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தார். அப்பழுக்கில்லாத வாக்கியம் என்று சுருக்கெழுத்தரே அதைப் பலமுறை மெச்சியிருக்கிறார். அவனை மாட்டவும் முடியவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை. வழக்கு அப்படியே நின்றது. தெரு நிற்கவில்லை, அது தீர்ப்பு எழுதி ஒன்பதாண்டுகள் ஆகிவிட்டன.

இப்போது பழைய வழக்குகளைத் தூசி தட்டிப் பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரி வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மனுவோடு வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். இத்தனை காலத்தில் ஓர் அலுவலகம் அவர்களை ‘வாருங்கள்’ என்றது அதுதான் முதல் தடவை.

“எல்லாம் சரியா இருக்கு, அண்ணே,” என்றாள் டீச்சர். “அந்த ஒண்ணுதான் பாக்கி. அடுப்பை விட்டுட்டுப் போக முடியுமா, முடியாதா? முடியும்னு ஒரு வரி இருந்தாப் போதும்.”

“அதுல என்ன சந்தேகம்?” என்றார் செக்கர். “பாலை அடுப்புல வச்சுட்டு வாசல்ல நின்னு ஊர்வம்பு அளக்குறவங்க இல்லையா? பதினொண்ணும் பதினொண்ணும் இருபத்திரெண்டு. நடுவுல ஒரு பத்து நிமிஷம். அரை மணியில என்ன ஆயிடப் போகுது? டிக்கெட் எடுக்காதவன் அத்தனை பேரும் எங்கிட்ட ஒரு கதை வச்சிருப்பான், சார். ‘இப்பத்தான் ஏறினேன்.’ கதை எவ்வளவு கச்சிதமா இருக்கோ, அவ்வளவுக்கு டிக்கெட் இருக்காது.”

“நான் விசாரிச்சுட்டு வர்றேன்,” என்றார் சுருக்கெழுத்தர்.

டீச்சர் கோப்பை மூடி அதன் நாடாவைக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது எப்போதும் போடுவதைவிட ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டாள். மகள் போன முதல் வருடம் அவள் சாப்பிடாமல் கிடந்தபோது, எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமென்று தெருவே திணறிக்கொண்டிருந்தபோது, அவளே எழுந்து உட்கார்ந்து சொன்ன வார்த்தை அவருக்கு நினைவிருந்தது: ‘தினமும் விளக்கை அணைச்சதும் அவனைப் பேர் சொல்லித் திட்டுறேன், அண்ணே. அப்புறம் தூக்கம் வந்துடுது.’ அதன் பிறகுதான் அவள் மறுபடி கத்தரிக்கோலைத் தொட்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் பல் மருத்துவமனைக்குப் போனார். அன்று அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவரும் அவருக்கே செட்டு வைத்தவருமான பழைய மருத்துவர் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. இப்போது வேறொரு சின்னப் பெண் மருத்துவர். ஆனால் உள்ளறையில் பிளாஸ்டர் குழைக்கும் மாவக்கா இன்னும் அவள்தான். முழங்கைவரை வெள்ளையாக, அரிசி மாவில் கைவிட்டவள்போல நின்றுகொண்டிருந்தாள்.

“வாங்க சார். என்ன, கீழ்ப்பல்லு ஆடுதா?”

ஆடத்தான் செய்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு அவர் இரண்டு வரிசைகளையும் கழற்றிக் கொடுத்தார். பற்கள் இல்லாமல் பேசும்போது அவருடைய சொற்களுக்கு விளிம்பு போய்விடும். அதனால் கேள்வியைச் சுருக்கமாகவே கேட்டார். செட்டு வேகவைக்கும்போது, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அரைமணி நேரம் வெளியே போய் வரலாமா?

“இப்பன்னா போகலாம். மெஷின் இருக்கு, அதுவே சூட்டைப் பாத்துக்கும். சினிமாவுக்கே போயிட்டு வரலாம்.” அவள் சிரித்தாள். “அப்ப ஏது மெஷின்? திரி அடுப்பு, மேல ஒரு குண்டான், உள்ள பித்தளை அச்சுப் பெட்டி. முதல் ஒன்றரை மணி நேரம் தண்ணி கொதிக்கவே கூடாது, சார். விரல் வைக்க முடியாத சூடு இருக்கணும், ஆனா கொதி வரக் கூடாது. திரியை ஏத்தணும், இறக்கணும், ஒரு கரண்டி பச்சைத் தண்ணி விடணும். தொட்டில்ல பிள்ளையைப் போட்ட மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்கணும். கடைசி அரை மணிதான் நல்லாக் கொதிக்க விடுறது.”

“விட்டுட்டுப் போனா?”

“கொதி வந்துடும். வந்தா உள்ள குமிழ் விழும். இருங்க.” அலமாரியிலிருந்து ஒரு செட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். இளஞ்சிவப்பு ஈறில், தடிப்பான இடங்களிலெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். “வேலை பழகுன பையன் ஒருத்தன் செஞ்சது. போன் பேசப் போயிட்டான். பன்னு மாதிரி ஆயிடுச்சு பாருங்க. இதை எவன் வாயில வைக்கிறது?” பிறகு சுருக்கெழுத்தரின் செட்டை எடுத்து அதே வெளிச்சத்தில் பிடித்தாள், அவள் குரல் தணிந்தது. “இதைப் பாருங்க. ஒன்பது வருஷமாச்சு. ஒரு புள்ளி உண்டா? கண்ணாடி மாதிரி. அவன் கை அப்படி.”

“யார் கை?”

மாவக்கா அவரைப் பார்த்தாள். அறையில் குழைத்து வைத்திருந்த பிளாஸ்டர் கிண்ணத்தில் இறுகிக்கொண்டிருந்தது.

“உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்,” என்றாள்.

தெரியாது. வெளியூரில் பெரிய கூடத்தில் செய்து வந்தது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஊர்ப்பெயரைக்கூடச் சொன்னார்.

“எங்களையும் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு டாக்டர், சார். கொலைகாரன் செஞ்ச பல்லுன்னு தெரிஞ்சா எவன் வாயில வைப்பான்? மெழுகுல கட்டின செட்டை உங்க வாயில வச்சுப் பாத்தோம்ல, அந்தப் புதன்கிழமை, பதினோரு மணிக்கு? அதை நான்தான் கொண்டுபோய் அவன் பட்டறையில கொடுத்தேன். அப்ப மணி பன்னெண்டு. மறுநாள் காலையில போறேன், கதவு பேந்து கிடக்கு, அவனைக் காணோம். குண்டான்ல தண்ணி ஆறிக் கிடக்கு. உள்ள உங்க பெட்டி. தூக்கிட்டு வந்துட்டேன். டாக்டரே திறந்து, மெருகு போட்டு, அஞ்சாம் நாள் உங்களுக்கு மாட்டிவிட்டாரு.”

சுருக்கெழுத்தர் பல்லில்லாத வாயால் மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டார்: “பன்னெண்டுக்குக் கொடுத்தா, அடுப்புல எப்ப ஏறும்?”

“இந்த மாவைப் பெட்டியில ஊத்தணும், அது காயணும், மேல் பாதி ஊத்தணும், அதுவும் காயணும். மெழுகை உருக்கி வெளியேத்தணும். ரோஸ் மாவைப் பிசைஞ்சு அடைக்கணும், அழுத்தணும். பறந்து பறந்து செஞ்சாலும் ரெண்டரை மணி நேரம் இல்லாம ஆகாது. அதுக்கு மேல அடுப்பு ரெண்டு மணி நேரம். முழுசா வெந்திருக்கு சார், உங்களுது. அரைவேக்காடா இருந்தா முதல் வாரமே வாய் வெந்து இங்க வந்து நின்னிருப்பீங்க.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து இறுகிப்போன பிளாஸ்டரைத் தட்டி எறிந்தாள். “கேட்டா சொல்லு, கேக்காம வாயைத் திறக்காதேன்னாரு டாக்டர். கேட்டா சொல்லத்தான் சார் இருந்தேன். ஒன்பது வருஷமா யாரும் கேக்கலை. வர்றவங்க எல்லாம் பல்லைப் பத்தித்தான் கேக்குறாங்க.” செட்டைக் கழுவி நீட்டினாள். “அதுதான் அவன் செஞ்ச கடைசி செட்டு. அப்புறம் அந்த விரல் மடங்கலை.”

வீட்டுக்கு வந்தவர் உடனே எதையும் எழுதவில்லை. மாலை வெளிச்சம் போகுமுன் செட்டைக் கழற்றி ஜன்னல் கட்டையில், ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். வாயில் வைத்துக்கொண்டு அலைந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பன்னிரண்டோடு இரண்டரை, அதனோடு இரண்டு: நாலரை. கூட்டல் சின்னப் பிள்ளை போடுவது. இடையில் அரைமணி நேரம் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. பதினொரு நிமிடம்கூட இல்லை.

அவர் நெடுநேரம் யோசித்தது கூட்டலைப் பற்றியல்ல. கோப்பில் அன்று தெருவிலிருந்த எல்லாருடைய நடமாட்டமும் இருந்தது. பால்காரர், மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர், முதுகுவலியோடு படுத்திருந்த மூன்றாம் வீட்டுக்காரர் என நாற்பத்தேழு பேர் ‘அன்று நான் எங்கிருந்தேன்’ என்று சொன்னதை அவர் எழுதி, தட்டச்சு செய்து, பக்க எண்ணிட்டுக் கோத்திருந்தார். ஒருவர் சொன்னது மட்டும் அதில் இல்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர் சாட்சி ஆவதில்லை. எழுதுகிறவனை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. அந்தப் பழக்கம் அவருடைய எலும்பில் ஊறியிருந்தது. புதன்கிழமை பதினோரு மணிக்குத் தன் வாயில் மெழுகுப் பற்கள் இருந்தன என்ற ஒரு வரியை அவர் எழுதியிருந்தால், ‘அந்த மெழுகு பிறகு எங்கே போனது?’ என்று இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே யாராவது கேட்டிருப்பார்கள். செக்கரே கேட்டிருப்பார்.

அன்று காலை பத்தரைக்கு, அவர் மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது, மைனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். “மாமா, பல்லு வந்ததும் முதல் வேலையா வறுத்த கடலை வாங்கித் தர்றேன். கடிச்சுக் காட்டணும். அதுவரைக்கும் தெருவுல வாயைத் திறக்காதீங்க, காத்து உள்ள போயிடும்.” அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது எதுவுமில்லை, அந்தச் சிரிப்புத்தான். மறுநாள் துக்க வீட்டில் எல்லாரும் டீச்சரிடம் ஏதாவது சொன்னார்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்களே, அவர் மட்டும் கைக்குட்டையால் வாயை மூடியபடி சுவரோரம் நின்றார். ஐந்தாம் நாள் பல் வந்தது. சொல்ல வேண்டிய நாள் அதற்குள் போய்விட்டது. அதை ஈடுகட்டவே இந்த ஒன்பது ஆண்டுகளும் எழுதினாரோ என்னவோ.

மறைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் தோன்றியது. ‘விசாரித்தேன், தெளிவான பதில் கிடைக்கவில்லை’ என்று சொன்னால் போதும். அதுவும் அப்பழுக்கில்லாத வாக்கியமாகவே இருக்கும். டீச்சர் வெள்ளிக்கிழமை மனுவைக் கொடுப்பாள், அதிகாரி வாங்கி வைத்துக்கொள்வார், அவள் இரவில் விளக்கை அணைத்துத் திட்டிவிட்டுத் தூங்குவாள். அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு இருப்பது அந்தத் தூக்கம் ஒன்று. செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தவரால் முதல் கவளத்தை மெல்ல முடியவில்லை. அந்தப் பற்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைவாகப் பொருந்துகின்றன என்பதை அன்றுதான் கவனித்தார்.

புதன்கிழமை பிற்பகல் எதிர்வீட்டுக்குப் போனார். செக்கரையும் வரச் சொல்லியிருந்தார். டீச்சர் ஒரு ரவிக்கைக் கையை ஊசியால் இணைத்துக்கொண்டிருந்தாள்.

“மனு டைப் பண்ணியாச்சா, அண்ணே?”

அவர் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தார், வரிசையாகவே சொன்னார். பதினோரு மணி, பன்னிரண்டு மணி, மாவு காயும் நேரம், திரி அடுப்பு, குமிழ், குண்டானில் ஆறிக் கிடந்த தண்ணீர். எதற்கும் உரிச்சொல் சேர்க்கவில்லை. சொல்லி முடித்தபோது டீச்சரின் ஊசி, போன இடத்திலேயே துணியில் நின்றது.

“அவ பொய் சொல்றா,” என்றார் செக்கர். “டாக்டரும் அவளும் கூட்டு. ராத்திரி வேகவச்சுட்டு மதியம்னு சொல்லுவாங்க.”

“ராத்திரி அவன் ஸ்டேஷன்ல இருந்தான்.”

“வேற எவனாவது அடுப்பைப் பாத்திருப்பான். பக்கத்துக் கடையில சொல்லிட்டுப் போயிருப்பான்.”

சுருக்கெழுத்தர் தம் வாழ்நாளில் ஒரு சாட்சியைக் கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டார். “பக்கத்துல பாத்தவங்க ஒருத்தருமில்லைன்னுதானே கோப்பு சொல்லுது. தம்பி, அன்னிக்குப் பட்டறையில அடுப்பை அணைச்சது யாரு?”

“நான்தான். அதுதான் கோப்புலயே இருக்கே. எரிஞ்சு பக்கத்து வீடு பத்திக்கக் கூடாதுன்னு நான்தான் திரியை இறக்கினேன். எனக்குப் பொறுப்பு இல்லையா?”

“எத்தனை மணிக்கு?”

செக்கரின் பார்வை மேசையில் கழற்றி வைத்திருந்த கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வந்தது என்பதை நிமிடம் தவறாமல் எழுதி வைத்த மனிதர். பன்னிரண்டாம் பக்கத்தில் அவரே சொல்லி, அவரே கையெழுத்திட்ட நேரம் அது.

“நாலரை,” என்றார்.

“தண்ணி கொதிச்சுதா?”

“மூடி ஆடிக்கிட்டு இருந்துச்சு,” என்றார் செக்கர். பிறகு தம் வலக்கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை வேறொருவருடைய பொருளைப்போல இடக்கையால் மூடினார்.

சுருக்கெழுத்தர் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு இரண்டு வரிசைகளையும் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்து, விரித்த கைக்குட்டையின்மேலேயே கோப்புக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவில் வைத்தார். ஒன்பது ஆண்டுகளாக அவர் அந்த மேசையில் வைத்த பொருள்களில் தாளல்லாதது அது ஒன்றுதான்.

டீச்சர் அருவருக்கவில்லை. மேல்வரிசையை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாணவிகள் தைத்துக் கொண்டுவரும் துணியில் தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தடவிப் பார்க்கும் அதே ஆட்காட்டி விரலை, ஈறின் உட்புறத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினாள். திரும்பவும் ஓட்டினாள். விரல் எங்கேயும் தடுக்கவில்லை.

“நல்ல வேலை,” என்றாள்.

வெளியே யாரோ தகர வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் தெருக்கோடிவரை போய் ஓய்ந்தது.

“அப்ப எவன்?” என்றார் செக்கர். குரல் அவருக்கே அடங்கவில்லை. “அப்ப எவன்தான், அக்கா?”

“எவனோ ஒருத்தன். ஒன்பது வருஷமா நாம இவன் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம். அவன் பாட்டுக்கு அந்தப் பக்கமா நடந்து போயிருக்கான்.” பல்லை மறுபடி கைக்குட்டையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. “நான் இனிமே யாரைத் திட்டிட்டுத் தூங்குறது, அண்ணே?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பல் மேசையில் இருந்தது. டீச்சர் அழுதாள். முதல் வருடம் அழுத அழுகையில்லை அது. அதில் சத்தம் இருந்தது, சொல் இருந்தது, ஒருவன் பெயர் இருந்தது. இதில் ஒன்றுமில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதி நகர்ந்துவிட முடியாத அழுகையைச் சுருக்கெழுத்தர் அன்று உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெட்டுத்துணிப் பெட்டியிலிருந்து மென்மையான துண்டொன்றைத் தேடி எடுத்து, பல்வரிசை இரண்டையும் அதில் பொதிந்தாள். செருப்பை மாட்டினாள். மற்ற இருவரும் பின்னால் எழுந்தார்கள்.

செட்டுக்காரனின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. அதற்கு எதிரே, சந்தைச் சுவரையொட்டிய சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் அவன் உட்கார்ந்திருப்பான். வண்டி வைப்பவர்களுக்குத் தகர வில்லையில் எண் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்ளும் வேலை. தெருக்காரர்கள் அங்கே வண்டி வைப்பதில்லை. தெரியாத ஊர்க்காரர்கள் வைத்தார்கள். ஒவ்வொரு முறை நடந்து நேரம் பார்த்தபோதும் செக்கர் அவனை எதிர்ச்சாரியிலிருந்து முறைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

மூவரும் அதே வழியில் நடந்தார்கள். டீச்சர் முன்னால்; இரண்டடி பின்னால் சுருக்கெழுத்தர்; அவருக்கும் பின்னால், முட்டியை இழுத்துக்கொண்டு செக்கர். அவருடைய கடிகாரம் மேசைமேலேயே மல்லாந்து கிடந்தது. சாலை நடுவில் வைத்திருந்த தடுப்பைச் சுற்றிப் போனார்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று யாரும் கணக்கிடவில்லை. சந்தை முனைக்கு வந்ததும் பின்னால் காலடிச் சத்தம் நின்றது. சுருக்கெழுத்தர் திரும்பிப் பார்த்தார். செக்கர் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘நீங்க போங்க’ என்பதுபோலத் தலையை அசைத்தார்.

அவன் முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, வில்லைகளை எண் வரிசைப்படி கம்பியில் கோத்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. இடக்கையால்தான் கோத்தான், வலக்கை, கம்பியின் மறுமுனையை அழுத்திக்கொள்ளும் கல்லைப்போல முழங்கால்மேல் கிடந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். டீச்சரைக் கண்டான். அவள் தோளுக்கு மேலாக, சந்தை முனையில் நின்றவரையும் கண்டான்.

டீச்சர் துணிப்பொதியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். சுருக்கெழுத்தர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று உள்ளே போயிற்று.

அவன் எழுந்திருக்கவில்லை, ஓடவுமில்லை. வலக்கை மெல்ல நகர்ந்து முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிறகு, வந்து நிற்கிற எவருக்கும் செய்வதையே செய்தான். வண்டியில்லாமல் நின்ற அவளை நோக்கி, இடக்கையால், ஒரு தகர வில்லையை நீட்டினான்.